நிக்சன் மீதான இரண்டாவது குற்றச்சாட்டு: சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது எப்போது துஷ்பிரயோகம் ஆகிறது?

இளவேனில் (கேள்வி)

வாட்டர்கேட் விவகாரம் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் அத்துமீறி நுழைந்த நிகழ்ச்சியில் தொடங்கி ராஜினாமாவில் முடிந்துவிடுகின்றன. 1972 ஜூன் 17 அதிகாலையில் வாஷிங்டனில் ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமையகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டதும், அதில் தம் ஆட்களுக்கு இருந்த தொடர்பை மறைக்க முயன்ற அதிபர் ரிச்சர்ட் நிக்சன் 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகியதும் பலருக்கும் தெரிந்தவை. பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு 1974 ஜூலை இறுதியில் அவர்மீது நிறைவேற்றிய மூன்று பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளின் முழு வாசகத்தை அண்மையில் படித்தேன். நீதி விசாரணைக்குத் தடை ஏற்படுத்தினார் என்ற முதல் குற்றச்சாட்டுக்கு ஆதரவாக 27 பேரும் எதிராக 11 பேரும் வாக்களித்திருக்கிறார்கள். குழுவின் அழைப்பாணைகளுக்குப் பணியவில்லை என்ற மூன்றாவது, 21க்கு 17 என்ற கணக்கில் நிறைவேறியிருக்கிறது. அதிகார துஷ்பிரயோகம் பற்றிய இரண்டாவதற்குத்தான் மூன்றிலும் அதிகமாக 28 வாக்குகள் கிடைத்திருக்கின்றன; எதிர்த்தவர்கள் 10 பேர் மட்டுமே.

எனக்குப் பிடிபடாதது இந்த இரண்டாவது குற்றச்சாட்டுத்தான். அமெரிக்க அரசியல் சட்டம் நிர்வாக அதிகாரத்தை அதிபர் என்ற ஒரே மனிதரிடம் ஒப்படைக்கிறது. எஃப்.பி.ஐ., சி.ஐ.ஏ., வருமான வரித் துறை எல்லாமே அவருடைய நிர்வாகத்தின் கீழ் இயங்குபவை. ஒரு விசாரணையைத் தொடங்கச் சொல்லவும் இன்னொன்றை நிறுத்தச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு என்றால், அப்படிச் சொன்னதற்காக அவரைக் குற்றவாளி என்பது எப்படி? சாட்சிகளுக்குப் பணம் கொடுப்பது குற்றம் என்பது தெளிவு. தனக்குக் கீழே உள்ள துறைத் தலைவருக்கு ஓர் உத்தரவு இடுவது எந்த இடத்தில் எல்லை தாண்டுகிறது? பொதுவான விளக்கத்தைவிட, நடந்த சம்பவங்களை வைத்து யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆவணவாசி

இளவேனில், நீங்கள் சொன்ன வாக்கு எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். 38 பேர் கொண்ட அந்தக் குழுவில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர், 17 பேர் நிக்சனின் குடியரசுக் கட்சியினர். முதல் குற்றச்சாட்டை ஆதரித்த குடியரசுக் கட்சியினர் ஆறு பேர். இரண்டாவதை ஆதரித்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழாவது மனிதர் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் மெக்லோரி. அதிபருக்கு அதிகாரத்தைக் கொடுக்கும் அரசியல் சட்டத்தின் அதே இரண்டாம் பிரிவு, சட்டங்கள் உண்மையாக நிறைவேற்றப்படுவதை அவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற கடமையையும் அவர்மேல் சுமத்துகிறது. மெக்லோரி பிடித்துக்கொண்டது இந்தக் கடமையைத்தான். அதிகாரம் இருந்ததா என்று இரண்டாவது குற்றச்சாட்டு கேட்கவே இல்லை. அந்த அதிகாரம் எதற்காகத் தரப்பட்டதோ அதற்குப் பயன்பட்டதா என்றுதான் கேட்கிறது.

1972 ஜூன் 23 அன்று காலை வெள்ளை மாளிகையில் நடந்த பேச்சைப் பாருங்கள். பிடிபட்டவர்களில் ஒருவரான பெர்னார்ட் பார்க்கரின் மயாமி வங்கிக் கணக்கில் மொத்தம் 1,14,000 டாலருக்குக் காசோலைகள் வந்திருந்தன. அதில் 89,000 டாலர் மெக்சிகோ நகரம் வழியாகச் சுற்றி வந்த பணம். எல்லாமே நிக்சனின் மறுதேர்தல் குழுவுக்குச் சேர்ந்த நன்கொடை. எஃப்.பி.ஐ. இந்தப் பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. சி.ஐ.ஏ.வின் துணை இயக்குநர் வெர்னான் வால்டர்ஸை விட்டு எஃப்.பி.ஐ.யின் பொறுப்பு இயக்குநர் பேட்ரிக் கிரேயிடம், இதற்கு மேல் தோண்ட வேண்டாம் என்று சொல்லவைக்கலாம் என்று தலைமை உதவியாளர் ஹால்ட்மன் யோசனை சொல்ல, நிக்சன் ஒப்புக்கொள்கிறார். இரகசிய நடவடிக்கைகள் வெளிப்பட்டுவிடும் என்பதுதான் சொல்லவேண்டிய காரணமாக அங்கே முடிவாகிறது. அன்றைய தினமே வால்டர்ஸ் கிரேயைச் சந்தித்துச் சொல்லிவிடுகிறார். மெக்சிகோ தொடர்பான விசாரணை சுமார் இரண்டு வாரம் நின்றுபோகிறது. அந்தக் கோரிக்கையை எழுத்து மூலம் தரும்படி எஃப்.பி.ஐ. கேட்டபோது சி.ஐ.ஏ. தரவில்லை, விசாரணை மீண்டும் நகர்ந்தது.

உங்கள் கேள்வியில் உள்ள எல்லையை இந்த ஒரு சம்பவத்திலேயே தொட்டுப் பார்க்கலாம். நாட்டின் பாதுகாப்புக்காக ஒரு விசாரணையை நிறுத்தச் சொல்ல அதிபருக்கு அதிகாரம் உண்டு. இங்கே பாதுகாப்பு என்ற காரணம் இல்லவே இல்லை. தேர்தல் நிதியின் தடத்தை மறைப்பதற்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது. தன் கீழ் வேலை பார்க்கும் கிரேயிடமே அவரால் உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. எந்த உத்தரவின் காரணத்தை, அதை நிறைவேற்றுபவரிடம்கூட மறைக்கவேண்டியிருக்கிறதோ, அந்த உத்தரவில் அதிபர் பதவி இல்லை, அதில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் சொந்தக் கணக்குத்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வருமான வரி விஷயம் இதைவிடத் தெளிவானது, ஏனென்றால் அதில் மூடிமறைப்பு எதுவும் கலக்கவில்லை. சொல்வதைச் செய்கிறவராக, தான் பார்க்க விரும்பும் எந்தக் கணக்கையும் காட்டுகிறவராக, எதிரிகளைத் துரத்தி நண்பர்களை விட்டுவைக்கிறவராக ஒருவர் வரித் துறைக்குத் தலைவராக வேண்டும் என்று 1971 மே மாதமே நிக்சன் பேசியது, வெள்ளை மாளிகைப் பேச்சுகளைப் பதிவு செய்த ஒலிநாடாவில் இருக்கிறது. அந்த ஆண்டு பதவிக்கு வந்தவர் ஜானி வால்டர்ஸ் (மேலே சொன்ன வால்டர்ஸ் வேறு). 1972 செப்டம்பர் 11 அன்று வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் ஜான் டீன் அவரை அழைத்து, தேர்தலில் எதிர்த்து நின்ற ஜார்ஜ் மெக்கவர்னுக்கு வேலை செய்தவர்களும் பணம் கொடுத்தவர்களுமாகச் சுமார் 490 பேர் கொண்ட பட்டியலைக் கொடுத்து, இவர்களுடைய கணக்குகளைச் சோதிக்கச் சொன்னார். இது பேரழிவில் முடியும் என்று சொல்லிவிட்டு, வால்டர்ஸ் பட்டியலை எடுத்துக்கொண்டு கருவூலத் துறைச் செயலர் ஜார்ஜ் ஷுல்ட்ஸிடம் போனார். ஒன்றும் செய்யாதே என்று ஷுல்ட்ஸ் சொல்ல, பட்டியல் வால்டர்ஸின் பெட்டகத்துக்குள் போனது. 1973இல் நாடாளுமன்றத்தின் வரி விவகாரக் கூட்டுக் குழுவிடம் அதை அவர் ஒப்படைத்தார். பட்டியலில் இருந்தவர்கள் அதன் காரணமாகத் துன்புறுத்தப்பட்டதற்குச் சான்று இல்லை என்றே அந்தக் குழு கண்டறிந்தது. ஆகவேதான் இரண்டாவது குற்றச்சாட்டின் வாசகம் மிகக் கவனமாக ‘முயன்றார்’ என்று சொல்கிறது.

கருங்குயில்

ஆவணவாசி சொன்ன சம்பவங்களில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நிக்சனை மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்துவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963 அக்டோபரில் அனுமதி கொடுத்தவர் அதிபர் ஜான் கென்னடியின் தம்பியும் அப்போதைய அட்டர்னி ஜெனரலுமான (நீதித் துறைத் தலைவர்) ராபர்ட் கென்னடி. 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது, எஃப்.பி.ஐ.யின் தனிக் குழு ஒன்று அங்கே இருந்துகொண்டு அரசியல் தகவல்களை லிண்டன் ஜான்சனின் வெள்ளை மாளிகைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உள்நாட்டு அமைப்புகளுக்குள் ஊடுருவிக் குலைக்கும் எஃப்.பி.ஐ.யின் இரகசியத் திட்டம் 1956இலேயே, ஐசன்ஹோவர் காலத்தில், தொடங்கிவிட்டது. இவையெல்லாம் 1975–76இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழுவின் விசாரணையில் பதிவானவை.

1977இல் டேவிட் ஃபிராஸ்ட் எடுத்த தொலைக்காட்சிப் பேட்டியில், அதிபர் ஒன்றைச் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது என்று நிக்சன் சொன்னதைப் பலரும் ஆணவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தனக்கு முன் இருந்தவர்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடத்தை வெளிப்படையாகச் சொன்னார் என்றும் அதைப் படிக்கலாம். நோக்கத்தை வைத்துத்தான் அளக்கவேண்டும் என்றால், கிங்கை ஒட்டுக்கேட்டதன் நோக்கம் எவ்வளவு தூய்மையானது? ஒருவருக்கு மட்டும் அந்த அளவுகோல் என்றால், நிக்சனின் ஆதரவாளர்கள் சொல்வதுபோல, அகப்பட்டுக்கொண்டதுதான் அவர் செய்த குற்றம் என்றாகிவிடாதா?

மாறன்

கருங்குயில் சொன்ன ஒவ்வொரு சம்பவமும் உண்மை. கிங்குக்கு நடந்தது எந்த அளவுகோலாலும் மன்னிக்க முடியாதது. அதற்காக யாரும் பதவி இழக்கவில்லை என்பது அந்த நாட்டுக்கே பெரிய குறை. ஆனாலும் முந்தையவர்கள் தப்பினார்கள் என்பதிலிருந்து நிக்சன் செய்தது சரி என்ற முடிவு வராது. சர்ச் குழு முந்தைய ஆட்சிகளின் பழைய கோப்புகளைத் திறக்க முடிந்ததற்கு வாட்டர்கேட் கொடுத்த அதிர்ச்சியே முக்கியக் காரணம்.

வேறுபாடு ஒன்றும் இருக்கிறது, அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முன்பு இருந்தவர்கள் இருக்கும் அமைப்புகளைத் தவறாகப் பயன்படுத்தினார்கள். நிக்சனின் ஆட்களோ, இருக்கும் அமைப்பு மறுத்தபோது அதற்கு வெளியே தங்களுக்கென்று ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள். 1970 கோடையில், திருட்டுத்தனமாக வீடு புகுவது, தபால்களைப் பிரிப்பது உள்ளிட்ட உளவுத் திட்டம் ஒன்றுக்கு நிக்சன் ஒப்புதல் கொடுத்து, எஃப்.பி.ஐ. இயக்குநர் எட்கர் ஹூவர் எதிர்த்ததால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார். கிங்கைத் துரத்திய அதே ஹூவர்தான் இவர். குடிமக்களின் உரிமை மீது பிறந்த பற்றினால் அவர் மறுக்கவில்லை, தன் துறையின் எல்லைக்குள் பிறர் கால் வைப்பதை அவர் விரும்பவில்லை. அடுத்த ஆண்டு வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்கள் பத்திரிகையில் வெளியானதும், வெள்ளை மாளிகைக்குள்ளேயே ஒரு தனிக் குழு அமைக்கப்பட்டது. 1971 செப்டம்பர் 3 அன்று அதன் ஏற்பாட்டில் சிலர் பெவர்லி ஹில்ஸில் உள்ள ஒரு மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்துப் புகுந்தார்கள். ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க் அந்த மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவர். அவருடைய மருத்துவக் குறிப்புகளை எடுத்து அவரை அவமானப்படுத்துவதுதான் திட்டம்.

ஒரு குடிமகன் தன் மருத்துவரிடம் மனம்விட்டுச் சொன்னதை அறிய, ஓர் அரசின் தலைமை அலுவலகம் இரவில் ஆள் அனுப்பிப் பூட்டை உடைத்தது. இதில் எந்த நிர்வாக அதிகாரம் இருக்கிறது? இரண்டாவது குற்றச்சாட்டில் இந்தக் குழுவைப் பற்றித் தனிப் பத்தியே உண்டு. எல்ஸ்பெர்க் மீதான வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, அதிபரின் உள்நாட்டு விவகார ஆலோசகர் ஜான் எர்லிக்மன், வழக்கை விசாரித்த நீதிபதி மேத்யூ பைரனைச் சந்தித்து எஃப்.பி.ஐ. இயக்குநர் பதவி பற்றிப் பேசியிருக்கிறார். அரசின் முறைகேடுகள் காரணமாக 1973 மே மாதம் அந்த வழக்கே தள்ளுபடியானது.

இன்னொன்று: 1972 செப்டம்பர் 15 அன்று டீனிடம் பேசும்போது, முதல் நான்கு ஆண்டுகளில் எஃப்.பி.ஐ.யையும் நீதித் துறையையும் எதிரிகள் மீது பயன்படுத்தாமல் இருந்துவிட்டோம், இனிமேல் அப்படி இருக்காது என்ற பொருளில் நிக்சன் பேசுகிறார். அதற்கு எட்டு வாரங்களுக்குள் 49 மாநிலங்களில் வென்று மீண்டும் அதிபரானவர் அவர். ஐந்து பேர் அகப்படாமல் இருந்திருந்தால் அடுத்த நான்கு ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் அச்சமாகவே இருக்கிறது.

இளவேனில் கேட்டதற்கு 1973 அக்டோபர் 20 சனிக்கிழமை இரவும் ஒரு விடை. ஒலிநாடாக்களைத் தரவேண்டும் என்று பிடிவாதமாக நின்ற, வாட்டர்கேட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி நிக்சன் உத்தரவிட்டார். பெரிய முறைகேடு செய்தால் தவிரக் காக்ஸை நீக்கமாட்டேன் என்று செனட்டுக்கு வாக்குக் கொடுத்துப் பதவிக்கு வந்திருந்த அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் மறுத்து விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கெல்ஸ்ஹவுஸும் மறுத்துப் பதவியை இழந்தார். மூன்றாவதாக வந்த சாலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் உத்தரவை நிறைவேற்றினார். அதிபருக்கு எல்லா அதிகாரமும் உண்டு என்றுதான் அன்று வெள்ளை மாளிகையும் சொன்னது. ஆனால் காக்ஸின் பதவியைப் பாதுகாத்த விதிமுறைகளை அரசே வகுத்திருந்தது. அவை நடைமுறையில் இருக்கும்வரை அரசையும் கட்டுப்படுத்தும். அந்த நீக்கம் சட்டவிரோதம் என்று அடுத்த மாதமே மாவட்ட நீதிபதி கெஸல் தீர்ப்பளித்தார்.

இளவேனில்

மூவருக்கும் நன்றி. ஜூன் 23 பேச்சையும் மருத்துவர் அலுவலகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எல்லை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகிறது. இதிலிருந்து எழும் ஒரு துணைக்கேள்வி: 2024 ஜூலை 1 அன்று அதிபராக இருந்தவர் மீது குற்ற வழக்குத் தொடுப்பது பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் டிரம்ப் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, நோக்கத்தை வைத்து அளக்கும் இந்த அளவுகோல் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

நீதிநெறி

சட்டம் படித்தவள் என்ற முறையில் இந்தப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். பதவிநீக்க விசாரணையில் அது உயிரோடு இருக்கிறது. குற்றவியல் நீதிமன்றத்தில் பெரும்பாலும் இல்லை.

1974 ஜூலை 24 அன்று, நிக்சன் ஒலிநாடாக்களை ஒப்படைத்தே தீரவேண்டும் என்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அவர்களில் மூன்று பேர் அவரே நியமித்தவர்கள். நான்காமவரான ரென்க்விஸ்ட் விலகிக்கொண்டார். அதிபரின் உரையாடல்களுக்கு இரகசியப் பாதுகாப்பு உண்டு, ஆனால் ஒரு குற்ற வழக்கின் தேவைக்கு முன் அது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அன்றைய நிலை. அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று, நிக்சனுக்கு அடுத்து அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கினார். முன்னாள் அதிபர் மீது வழக்கு வரக்கூடும் என்று எல்லோரும் கருதியதால்தான் அந்த மன்னிப்பே தேவைப்பட்டது.

2024 தீர்ப்பு 6க்கு 3 என்ற கணக்கில் வந்தது. அரசியல் சட்டம் அதிபருக்கு மட்டுமே தந்துள்ள அடிப்படை அதிகாரங்களைப் பயன்படுத்தியதற்காக அவர்மீது வழக்கே போட முடியாது. மற்ற அலுவல் நடவடிக்கைகளுக்குக் குறைந்தபட்சம் அனுமான அளவிலான பாதுகாப்பு உண்டு. தனிப்பட்ட செயல்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று அது வகுக்கிறது. இளவேனில் கேட்பதற்கு நேரடியாகப் பொருந்தும் வரி வேறொன்று: ஒரு செயல் அலுவல் சார்ந்ததா, தனிப்பட்டதா என்று பிரிக்கும்போது அதிபரின் நோக்கத்தை நீதிமன்றங்கள் ஆராயக் கூடாது என்கிறது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதித் துறை அதிகாரிகளோடு அவர் விசாரணைகள் பற்றிப் பேசுவது முழுப் பாதுகாப்புக்குள் வருகிறது. 1974இல் 28 பேர் எதை வைத்துக் குற்றம் என்று முடிவு செய்தார்களோ, அதை இன்று ஓர் அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கையில் எடுக்கவே முடியாது. இந்தத் தீர்ப்பின் பிற பகுதிகளுக்கு ஆதரவாகச் சொல்ல வாதங்கள் உண்டு; இந்தப் பகுதிக்கு என்னால் எந்த நியாயமும் காண முடியவில்லை. தேர்தல் நிதியை மறைக்க விசாரணையை நிறுத்துவதும் நாட்டைக் காக்க நிறுத்துவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே உத்தரவுதான். நோக்கத்தை நீக்கிவிட்டால் இரண்டையும் பிரிக்க வேறு வழி எது?

இரண்டு விஷயங்கள் மாறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இந்தப் பாதுகாப்பு அதிபருக்கு மட்டுமே உரியது, அவர் சொன்னதைச் செய்தவர்களுக்கு இல்லை. மருத்துவர் அலுவலக வழக்கில் எர்லிக்மனும், மூடிமறைப்பு வழக்கில் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செலும் சிறைக்குப் போனதைப்போல இன்றும் ஒருவர் போகலாம், அதிபர் மன்னிப்பு வழங்காதவரை. வரித் துறைக்கென்று 1998இல் தனிச் சட்டமே வந்துவிட்டது: குறிப்பிட்ட ஒருவரின் கணக்கைச் சோதிக்கும்படியோ சோதனையை நிறுத்தும்படியோ அதிபரும் துணை அதிபரும் அவர்களுடைய அலுவலகத்தினரும் கேட்கக் கூடாது, கேட்டால் அதைப் பெறும் ஊழியர் கருவூலத் துறையின் தலைமை ஆய்வாளரிடம் தெரிவித்தே ஆகவேண்டும்.

மற்றது பதவிநீக்கம். அதற்குக் குற்றவியல் சட்டத்தில் உள்ள குற்றம் எதுவும் தேவையில்லை என்று நீதித்துறைக் குழுவின் அலுவலர்கள் 1974 பிப்ரவரியில் தயாரித்த அறிக்கை விளக்கியிருந்தது. அதே அதிகார துஷ்பிரயோகம் என்ற தலைப்பில் 2019 டிசம்பர் 18 அன்று பிரதிநிதிகள் சபை டிரம்ப் மீது 230க்கு 197 என்ற கணக்கில் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. 2020 பிப்ரவரி 5 அன்று குற்றவாளி என்று வாக்களித்தவர்கள் 48 பேர், அவர்களில் அதிபரின் கட்சியைச் சேர்ந்தவர் மிட் ராம்னி ஒருவர் மட்டுமே. 1974 ஆகஸ்ட் 7 அன்று நிக்சனைச் சந்தித்து, செனட்டில் உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு வாக்குகள் இல்லை என்று சொல்லச் சென்ற பேரி கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் ஆகிய மூவருமே அவருடைய சொந்தக் கட்சியின் மூத்த தலைவர்கள்.